ஸ்கொட்டின் அளவுகோல்

ஊடகம் பற்றிய கருத்தரங்கு எதற்குப் போனாலும் தவறாமல் காதில் விழுகிற வாசகம் ஒன்று உண்டு. கருத்துச் சொல்ல எவருக்கும் சுதந்திரம் உண்டு, ஆனால் தகவல் புனிதமானது என்பது அது. உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிக்கிற என் மாணவர்களும் இதை மனனம் செய்து வைத்திருக்கிறார்கள். சொன்னவர் யார், எப்போது சொன்னார், சொன்னபடி நடந்தாரா என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும்.

சொன்னவர் சார்ள்ஸ் பிரெஸ்ட்விச் ஸ்கொட். 'மன்செஸ்டர் கார்டியன்' என்ற ஆங்கில நாளிதழுக்கு 57 வருடங்கள் ஆசிரியராக இருந்த மனிசன். இன்று 'கார்டியன்' என்று உலகம் முழுக்க வாசிக்கப்படுவது அதே பத்திரிகைதான். இவரை நாம் அறிய வேண்டியதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பல்போர் பிரகடனம் பற்றி நாம் நிறையக் கதைக்கிறோம், எழுதுகிறோம். ஒவ்வொரு நவம்பர் மாதமும் அந்த 67 ஆங்கிலச் சொற்களை நினைவுகூருகிறோம். பல்போரையும் வைஸ்மனையும் லொய்ட் ஜோர்ஜையும் தெரிந்து வைத்திருக்கிறோம். ஆனால் வைஸ்மனைக் கையைப் பிடித்து லொய்ட் ஜோர்ஜிடம் கூட்டிப்போனவர் ஒரு பத்திரிகை ஆசிரியர் என்பதும், தகவல் புனிதமானது என்று எழுதியவரே அவர் என்பதும் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

இவரை வசைபாடுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. அப்படிச் செய்வது சுலபம். அதனால் பயனும் குறைவு. இவர் கெட்ட ஆசிரியராக இருந்திருந்தால் இவரைப் பற்றி எழுதவே தேவையில்லை. நல்ல ஆசிரியராக இருந்தார் என்பதுதான் இங்கே யோசிக்க வேண்டிய சங்கதி.

குருதியில் பிறந்த பத்திரிகை

மன்செஸ்டர் பஞ்சாலைகளின் நகரம். 1819 ஓகஸ்ட் 16ஆம் திகதி அந்நகரத்தின் புனித பீற்றர் திடலில் வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 60,000 பேர் கூடினார்கள். ஆயுதம் இல்லாமல் வந்த அந்தக் கூட்டத்துக்குள் வாளேந்திய குதிரைப்படை புகுந்தது. பதினைந்து பேரளவில் உயிரிழந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். நெப்போலியனை வென்ற வாட்டர்லூவைக் கிண்டல் செய்து, அந்தக் கொலையை மக்கள் 'பீற்றர்லூ' என்று அழைத்தார்கள். செய்தி சேகரிக்க வந்த 'டைம்ஸ்' நிருபரையும் அதிகாரிகள் பிடித்து உள்ளே போட்டுவிட்டதால், நடந்ததை எழுதி லண்டனுக்கு அனுப்பியவர்களில் ஒருவர் ஜோன் எட்வர்ட் ரெய்லர் என்ற உள்ளூர் பருத்தி வியாபாரி. அவர்தான் 1821 மே 5ஆம் திகதி 'மன்செஸ்டர் கார்டியன்' இதழை வார இதழாகத் தொடங்கினார். அதிகாரம் மறைக்க நினைத்த தகவலை வெளியே கொண்டுவந்த ஒருவரின் கையால் பிறந்த பத்திரிகை அது.

ஸ்கொட் 1846 ஒக்டோபர் 26ஆம் திகதி பாத் நகரில் பிறந்தார். ஒக்ஸ்போர்டில் கிரேக்கமும் லத்தீனும் படித்து முதல் வகுப்பில் தேறினார். ரெய்லரின் மகன் இவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர் முறை. அந்த உறவில் 1871இல் பத்திரிகைக்குள் வந்தவர், மறு வருடமே ஆசிரியரானார். அப்போது வயது 25. உறவுக்காரப் பொடியனுக்குக் கொடுத்த பதவி என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1929 வரைக்கும் அந்தக் கதிரையில் இருந்து, ஒரு மாகாண நகரத்துப் பத்திரிகையை லண்டன் அமைச்சர்கள் காலையில் தேடி வாசிக்கிற பத்திரிகையாக அவர் ஆக்கினார்.

தலைமுடியும் தாடியும் நரைத்த பிறகும் இரவு வேலை முடித்து சைக்கிளில்தான் வீட்டுக்குப் போவார். மொழியில் கடுமையானவர், சோம்பேறித்தனமான சொல் ஒன்று தலையங்கத்தில் நுழைந்தால் விடமாட்டார். 'டெலிவிஷன்' என்ற சொல் புதிதாக வந்தபோது, பாதி கிரேக்கம், பாதி லத்தீன், இதிலிருந்து நல்லது எதுவும் வராது என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. தமிழ் படிப்பிக்கிற எனக்கு அந்தக் கதையைக் கேட்டாலே ஒரு ஒட்டுறவு வந்துவிடுகிறது.

ஊருக்கு எதிரே நின்ற காலம்

ஸ்கொட்டின் பெயரை நிலைநிறுத்தியது தென்னாபிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தம். வைரமும் தங்கமும் விளைகிற மண்ணுக்காக பிரித்தானியா அங்கிருந்த டச்சு வம்சாவளி விவசாயிகளோடு போரிட்டது. நாடு முழுவதும் யுத்த வெறி. ஸ்கொட் அப்போது பத்திரிகை ஆசிரியராகவும் லீ தொகுதியின் லிபரல் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். இந்தப் போர் அநியாயமானது என்று முதலிலிருந்தே எழுதினார். பொருளியலாளர் ஜே.ஏ. ஹொப்சனை நிருபராகத் தென்னாபிரிக்காவுக்கு அனுப்பினார். ஏகாதிபத்தியத்தின் பொருளாதார அடித்தளத்தைப் பற்றி ஹொப்சன் பின்னாளில் எழுதிய நூலுக்கு வித்திட்டது அந்தப் பயணம்.

பிறகு எமிலி ஹொப்ஹவுஸ் என்ற பெண்மணி போனார். போயர் குடும்பங்களின் பண்ணைகளை எரித்துவிட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் பிரித்தானியப் படை முகாம்களில் அடைத்து வைத்திருந்ததையும், அங்கே பிள்ளைகள் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்ததையும் கண்டு வந்து சொன்னார். அவருடைய சகோதரர் எல்.ரி. ஹொப்ஹவுஸ் ஸ்கொட்டின் தலையங்க எழுத்தாளர். கார்டியன் அந்தச் செய்தியை விடாமல் பிரசுரித்தது. அம்முகாம்களில் இறந்த போயர்கள் ஏறத்தாழ 28,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் சிறுவர்.

அதே போரின் ஒரு துண்டு நமது நாட்டிலும் கிடக்கிறது. பிடிபட்ட போயர் வீரர்களில் ஆயிரக்கணக்கானோரை 1900இல் கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். தியத்தலாவையில் அவர்களுக்கென அமைத்த முகாம்தான் பிற்காலத்தில் படை முகாமாக நிலைத்தது.

உண்மை எழுதியதற்கு ஸ்கொட் விலை கொடுத்தார். வாசகர்கள் கழன்றார்கள். தேசத்துரோகி என்றார்கள். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் பொலிஸ் காவல் போட வேண்டி வந்தது. அவர் அசையவில்லை. 1905இல் பத்திரிகை உரிமையாளரான ரெய்லரின் மகன் இறந்ததும், கடன்பட்டு, 242,000 பவுண் கொடுத்து 1907இல் பத்திரிகையையே வாங்கினார். இலாபத்துக்காக வாங்கவில்லை; வேறு யாராவது வாங்கி அதன் நாக்கை அறுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் வாங்கினார்.

இங்கே ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்வோம். போயர்களின் பண்ணைகளில் வேலை செய்த கறுப்பின மக்களையும் பிரித்தானியப் படை வேறு முகாம்களில் அடைத்து வைத்திருந்தது. அங்கேயும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். லண்டனில் அவர்களைப் பற்றிய பேச்சு மிகவும் குறைவு. அநியாயத்தைக் கண்டு கொதிக்கிற கண்ணுக்கும் ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லை பின்னர் பலஸ்தீனத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இரசாயன விரிவுரையாளர்

ரஷ்யப் பேரரசில் பிறந்த ஹைம் வைஸ்மன் 1904இல் மன்செஸ்டருக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பித்தார். ஸியோனிஸ இயக்கத்தின் தீவிர ஊழியர். 1914 செப்டெம்பரில், முதலாம் உலகப் போர் தொடங்கிச் சில வாரங்களில், மன்செஸ்டர் வீடொன்றில் நடந்த விருந்தில் ஸ்கொட்டும் அவரும் சந்தித்தார்கள். ஸ்கொட்டுக்கு வயது 67, வைஸ்மனுக்கு 39. முதியவர் அந்த இளையவரின் பேச்சில் மயங்கினார் என்றே சொல்ல வேண்டும்.

மயங்கியதற்கு நியாயமும் இருந்தது. ரஷ்யாவில் யூதர்கள் பட்ட பாடு பொய்யல்ல. 1903இல் கிஷினேவ் நகரில் நடந்த படுகொலை ஐரோப்பா முழுக்கத் தெரிந்த சங்கதி. அயர்லாந்துக்குச் சுயாட்சி கேட்டவர், போயர்களுக்காகப் பேசியவர், ஆர்மீனியர்களுக்காக எழுதியவர் ஸ்கொட். வீடில்லாத ஒரு சிறுபான்மைக்கு வீடு வேண்டும் என்று கேட்டால் அவர் மனம் இளகாமல் இருக்குமா?

சில மாதங்களுக்குள் வைஸ்மனை அவர் தன் பழைய நண்பர் லொய்ட் ஜோர்ஜிடம் கூட்டிச் சென்றார். லிபரல் அரசின் யூத அமைச்சரான ஹர்பட் சாமுவேலின் தொடர்பும் கிடைத்தது. லொய்ட் ஜோர்ஜ் 1915இல் யுத்தத் தளபாட அமைச்சரானபோது வெடிமருந்து செய்ய அசிற்றோன் தேவைப்பட்டது. அதை நொதிக்க வைத்து எடுக்கிற முறை வைஸ்மனின் கையில் இருந்தது. ஸ்கொட் அங்கேயும் பரிந்துரைத்தார். 1916 டிசம்பரில் லொய்ட் ஜோர்ஜ் பிரதமரானார். அதன் பிறகு ஸ்கொட் லண்டனுக்குப் போவதும் பிரதமரோடு காலை உணவு உண்பதும் வழக்கம். போன ஒவ்வொரு தடவையும் பேசியதை வந்து குறிப்பேட்டில் எழுதி வைத்தார். வரலாற்றாசிரியர்களுக்கு அந்தக் குறிப்புகள் இன்று ஒரு சுரங்கம்.

பத்திரிகைக்குள்ளேயும் அதே காற்று வீசியது. யுத்த விமர்சகர் ஹர்பட் சைட்பொதம், சுயஸ் கால்வாயைக் காக்க பலஸ்தீனம் பிரித்தானியாவின் நட்புக் குடியேற்றமாக வேண்டும் என்று எழுதினார். ஹரி சாஷர் என்ற எழுத்தாளர் நேரடியாகவே வைஸ்மனின் ஆள். 1916இல் இவர்கள் சேர்ந்து மன்செஸ்டரில் ஒரு பலஸ்தீனக் குழுவையே அமைத்தார்கள். அதில் பலஸ்தீனர் ஒருவரும் இல்லை.

இத்தனைக்கும் மன்செஸ்டருக்கு அறபிகள் அறியாதவர்கள் அல்லர். சிரியாவிலிருந்தும் மொரோக்கோவின் பாஸ் நகரத்திலிருந்தும் வந்த துணி வியாபாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்நகரத்தில் குடியேறி, பஞ்சாலைத் துணிகளை மத்திய தரைக்கடல் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஸ்கொட் பலஸ்தீனத்தைக் கற்றுக்கொண்டது வைஸ்மனிடமிருந்து.

1917 நவம்பர்

1917 நவம்பர் 2ஆம் திகதியிட்ட பல்போரின் கடிதம் 9ஆம் திகதி பத்திரிகைகளில் வெளியானது. அன்றைக்கே ஸ்கொட் வரவேற்றுத் தலையங்கம் எழுதினார். அங்கே இப்போது வாழ்கிற அறபு மக்கள் தொகையில் சிறியவர்கள், நாகரிகத்தில் தாழ்ந்த படியில் இருக்கிறவர்கள் என்பது அதில் அவர் எழுதிய கருத்து.

அவர் 'சிறிய தொகை' என்றவர்கள் யார்? ஐந்து வருடம் கழித்து, 1922இல், பிரித்தானிய நிர்வாகமே எடுத்த குடிசன மதிப்பீட்டைப் பார்ப்போம். பலஸ்தீனத்தின் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ 757,000. அதில் 100க்கு 78 பேர் முஸ்லிம்கள். கிறிஸ்தவர்கள் 10 பேரளவில். யூதர்கள் 11 பேர். பல்போர் கடிதம் இந்தப் பெரும்பான்மையை 'யூதரல்லாத சமூகங்கள்' என்று மட்டும் அழைத்தது. பெயர் சொல்லக்கூட இல்லை. தகவலைப் புனிதமாகக் கொள்கிற ஒருவர் முதலில் இந்தச் சொல்லாட்சியில் அல்லவா சிவப்பு மையால் கோடு கிழித்திருக்க வேண்டும்?

மாற்றுக் குரல் அன்றைக்கு இங்கிலாந்தில் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. நம்மில் பலருக்குக் குர்ஆன் மொழிபெயர்ப்பாளராகத் தெரிந்த மர்மடியூக் பிக்தால் இளமையில் பலஸ்தீனத்தில் சுற்றித் திரிந்து அறபு கற்றவர். அவர் அந்த வருடம் யூன் மாதத்தில் லண்டன் கக்ஸ்டன் மண்டபத்தில் பலஸ்தீனத்தில் முஸ்லிம்களின் உரித்து பற்றியே உரை நிகழ்த்தினார். இஸ்லாத்தை அவர் பகிரங்கமாக ஏற்றது அதே வருடம் நவம்பர் இறுதியில். அரசாங்கத்தில் இருந்த யூத அமைச்சர் எட்வின் மொண்டேகுவும் இந்தத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஆக, எதிர்க் கருத்து முஸ்லிம்களிடம் மாத்திரம் இருந்ததல்ல.

அதே நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் சார் மன்னரின் பெட்டகத்தைத் திறந்து இரகசிய உடன்படிக்கைகளை வெளியிட்டார்கள். அறபு மண்ணை பிரித்தானியாவும் பிரான்சும் பங்கு போட்ட சைக்ஸ் - பிகோ உடன்படிக்கையும் அதற்குள் இருந்தது. அதை இங்கிலாந்து மக்களுக்கு அம்பலப்படுத்தியது எந்தப் பத்திரிகை தெரியுமா? மன்செஸ்டர் கார்டியன்தான், நவம்பர் 26ஆம் திகதி. மூன்று வாரத்துக்குள் அறபு மக்களைச் சிறுமைப்படுத்திய தலையங்கமும் வந்தது, அறபு மக்களுக்கு இழைத்த துரோகத்தின் ஆவணமும் வந்தது. இரண்டும் ஒரே ஆசிரியரின் கையால்.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்த உடன்படிக்கையைப் பற்றி ஸ்கொட்டுக்கு அதற்கு முன்னரே தெரியும். பாரிஸில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் வழியாக அறிந்துகொண்டு, 1917 ஏப்ரலில் அதை வைஸ்மனிடம் சொன்னார். கையில் கிடைத்த தகவல் முதலில் போனது நண்பரிடம், வாசகரிடம் அல்ல. என்னைக் கேட்டால், தலையங்கத்தில் எழுதிய அந்த வரியைவிட இதுதான் பெரிய சங்கதி. அந்த நேரத்தில் அவர் ஆசிரியராக நடக்கவில்லை. ஒரு தரப்பின் தூதுவராக நடந்தார்.

1921 மே

பத்திரிகையின் நூறாவது ஆண்டு நிறைவுக்கு, 1921 மே 5ஆம் திகதி, ஸ்கொட் ஒரு கட்டுரை எழுதினார். நாம் மனனம் செய்திருக்கிற வாசகம் அதிலே வருவதுதான். ஆனால் அந்தக் கட்டுரை சொல்வது அது ஒன்றை மாத்திரமல்ல. பத்திரிகை தருகிற செய்தியினாலும், தராமல் விடுகிற செய்தியினாலும், தருகிற விதத்தினாலும் உண்மையின் முகத்துக்குக் களங்கம் வரக்கூடாது என்கிறார். நண்பரின் குரலுக்கு உள்ள அதே உரிமை எதிராளியின் குரலுக்கும் உண்டு என்கிறார். இவற்றை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அவருடைய உண்மையான அளவுகோல் இவைதான் என்பது என் எண்ணம்.

அந்தக் கட்டுரை வெளியான அதே வாரம் யாபாவில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மே 1ஆம் திகதி தொடங்கிய கலவரத்தில் யூதரும் அறபிகளுமாக ஏறத்தாழ நூறு பேர் மாண்டார்கள். பலஸ்தீனத்தின் உயர் ஆணையாளர் அப்போது யார்? அதே ஹர்பட் சாமுவேல். விசாரித்த பிரித்தானிய ஆணைக்குழுவே, ஸியோனிஸக் கொள்கை மீதும் குடியேற்றத்தின் மீதும் அறபிகளுக்கிருந்த அச்சமும் கோபமும்தான் காரணம் என்று அறிக்கையிட்டது. அதே வருடம் மூஸா காஸிம் அல்-ஹுஸைனியின் தலைமையில் பலஸ்தீனத் தூதுக்குழு லண்டனுக்கு வந்து கதவு கதவாகத் தட்டியது. மக்மஹோன் - ஹுஸைன் கடிதங்களில் அறபிகளுக்குக் கொடுத்த வாக்குறுதிகளை 1923இல் பகிரங்கப்படுத்தியவர் ஜெப்ரீஸ் என்ற பத்திரிகையாளர். அவர் எழுதியது, கார்டியன்காரர்கள் மலிவுப் பத்திரிகை என்று ஏளனம் செய்கிற 'டெய்லி மெயில்' இதழில்.

ஸ்கொட்டினால் இயலாத காரியமா இது? இயலும் என்பதற்கு அதே வருடத்துச் சான்று இருக்கிறது. கிரேக்கப் படை அனத்தோலியாவுக்குள் புகுந்திருந்த காலம். லிபரல் கட்சிக்காரர்கள் பரம்பரையாகக் கிரேக்க அபிமானிகள். துருக்கியர் என்றால் அவர்களுக்குக் கொடுங்கோலர். அந்த நேரத்தில் கார்டியனின் விசேட நிருபராகப் போன வரலாற்றாசிரியர் ஆர்னல்ட் ரொயின்பீ, யாலோவா பகுதியில் துருக்கிய முஸ்லிம் கிராமங்களைக் கிரேக்கப் படையினரும் குழுக்களும் எரித்ததையும் கொன்றதையும் கண்டு எழுதினார். ஸ்கொட் அதை அப்படியே போட்டார். கிரேக்கர்களின் நிதியில் நிறுவிய பேராசிரியர் பதவியை ரொயின்பீ பின்னர் இழந்தார். அயர்லாந்திலும் அப்படித்தான். அங்கே அரசின் துணைப்படைகள் வீடுகளைக் கொளுத்தியபோது, ஸ்கொட் தன் நண்பர் லொய்ட் ஜோர்ஜையே விடவில்லை. நட்பு முறியுமளவுக்கு எழுதினார்.

அயர்லாந்துக்கும் அனத்தோலியாவுக்கும் அவர் நிருபர் அனுப்பினார்; அங்கே தகவல் கருத்தைத் திருத்தியது. பலஸ்தீன விசயத்தில் முதலில் வந்தது நட்பு, பிறகு கருத்து. தகவல் அதற்கு ஏற்றபடி சுருங்கிற்று. இதில் நேர்மையின்மை என்று எதையும் பிடித்துக் காட்ட முடியாது. யாரும் அவருக்குக் காசு கொடுக்கவில்லை, மிரட்டவுமில்லை. அவருடைய மேசைக்கு ஒரு தரப்பு மாத்திரம் வந்து அமர்ந்தது; மற்றத் தரப்பு மேசைக்கு வராததை அவர் கவனிக்கவில்லை. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' ஒரு மக்களுக்கு என்ன ஆகிற்று என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பிறகு

ஸ்கொட் 1929 யூலையில் ஓய்வு பெற்றார். 1932 ஜனவரி முதலாம் திகதி காலமானார். அவருக்குப் பின் ஆசிரியரான மகன் எட்வர்ட் அதே வருடம் ஏப்ரலில் ஏரியில் படகு கவிழ்ந்து இறந்தார். மற்ற மகன் ஜோன் 1936இல் பத்திரிகையின் முழு உரிமையையும் ஒரு நம்பிக்கை நிதியத்துக்கு எழுதிக் கொடுத்தார். குடும்பத்துக்கு வரவேண்டிய சொத்தை இப்படிக் கைவிட்டது சின்னக் காரியமல்ல. எந்தப் பணக்காரனும் வாங்க முடியாத பத்திரிகையாக அது இன்றும் இருப்பது அதனால்தான். நம்மட வக்பு முறை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

2021இல் கார்டியனுக்கு 200 வயது. அப்போது அந்தப் பத்திரிகை தன் வரலாற்றில் செய்த பெரும் பிழைகளைத் தானே பட்டியலிட்டது. பல்போர் பிரகடனத்தை ஆதரித்து ஸ்கொட் எழுதியது அதில் ஒன்று. ஸியோனிஸத்தின் மீதிருந்த பற்று பலஸ்தீனர்களின் உரிமையை அவர் கண்ணுக்கு மறைத்துவிட்டது என்று எழுதினார்கள். 104 வருடம் பிந்திய திருத்தம். யாபாவில் வீட்டைப் பறிகொடுத்தவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பை எழுதக் கார்டியனுக்கு வெளியிலிருந்து சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. தராமல் விடுகிற செய்தியும் உண்மைக்குச் செய்கிற அநீதிதான் என்று ஸ்கொட் எழுதி வைத்த அளவுகோலே அவரைப் பிடித்துக்கொண்டது.

இதிலே நமக்கு என்ன என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். நாமும் பத்திரிகை நடத்துகிறோம், சஞ்சிகை போடுகிறோம், ஊர் வரலாறு எழுதுகிறோம். நமது அனுபவங்களைப் பற்றி அடுத்த சமூகத்தார் எழுதும்போது, நம்மிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டார்களா என்று கோபப்படுகிறோம். அந்தக் கோபம் நியாயமானது. அதே கேள்வியை நாம் எழுதி முடித்த பக்கத்திடமும் கேட்க வேண்டும். நம் கட்டுரையில் வருகிற அயல் கிராமத்தார் தங்கள் வாயால் பேசுகிறார்களா, அவர்கள் சார்பில் நாம் பேசுகிறோமா? யாரிடம் கேட்டு எழுதினோம், யாரிடம் கேட்கவில்லை?

மாணவர்களுக்கு இனி அந்த வாசகத்தை மட்டும் எழுதிப் போடாமல், அதோடு 1922 குடிசன மதிப்பீட்டையும் 1917 நவம்பர் 9ஆம் திகதித் தலையங்கம் சொன்னதையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடலாம் என்றிருக்கிறேன். தகவல் புனிதமானது என்பதன் பொருள் அவர்களுக்கு அப்போது தானாக விளங்கும்.